பிரவுன் சுவரில் விட்ட இடம்

“ரூமை இருட்டாக்கி வச்சிருக்கியே. நான் அன்னைக்கே சொன்னேன், வெள்ளையே—”

“வெள்ளை வெள்ளைன்னு சொல்லாதுங்க! வெள்ளையில தொட்டா அழுக்கு, தொடாட்டாலும்—”

“அழுக்கு மறைய உனக்குச் சவப்பெட்டிக் கலருதான் கெடச்சுதா?”

“சவப்பெட்டியா! சாக்லேட் பிரவுன் ஆக்கும். இப்பம் எல்லா வீட்டுலயும் ஒரு செவரு இப்படித்தான். மஞ்ச லைட்டு போட்டா எப்பிடி இருக்கும்னு—”

“செரி, அப்பம் இது என்னடி? உனக்க பெயின்டரு இவ்வளவு எடம் விட்டுட்டுல்லா போயிருக்கான்!”

கணவன் எபின் காட்டிய இடத்தைப் பின்சி அப்போதுதான் பார்த்தாள். வறுத்த காப்பிக்கொட்டை போன்ற அந்த அடர்ந்த பிரவுனுக்கு நடுவே, இடுப்புக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்குப் பழைய வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ஒரு கறுப்பு.

இதில் நான் ஒரு வரிகூடச் சேர்த்துச் சொல்லவில்லை. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், இன்றும் ஆள் குடியிருக்கும் ஒரு வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. ஊரைச் சொன்னால் அவர்களுக்குச் சங்கடம்.

எபினின் அம்மா ஆனந்தபாய் சாகும்வரை அந்த அறையில்தான் கிடந்தார். பக்கவாதம். வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. தண்ணீரோ, திரும்பிப் படுக்கவோ, எது வேண்டுமென்றாலும் இடக்கை விரல் முட்டியால் சுவரில் தட்டுவார். டொக்... டொக்... டொக். அடுக்களையிலிருந்து மருமகள் பின்சி, “வாறேன் மாமி” என்பாள். தட்டித் தட்டியே அந்த இடம் தேய்ந்து கறுத்துப்போனது.

கடைசி நாளும் தட்டினார். பின்சி டிவி முன்னால் இருந்தாள். “வாறேன்” என்றாள். எழுந்திருக்கவில்லை. மறுபடியும் தட்டினார். டிவி சத்தத்தைக் கூட்டினாள். பிறகு தட்டுவது நின்றது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

சீரியல் முடிந்து அவள் போய்ப் பார்த்தபோது மாமியின் விரல்கள் மடங்கியபடியே சுவரில் சாய்ந்திருந்தன. கை குளிர்ந்திருந்தது.

வேலை முடிந்து வந்த எபினிடம் அவள் சொன்னது வேறு. “தூக்கத்துலயே போயிட்டாங்க. ஒரு சத்தமும் கேக்கல்ல.”

அடக்கம் முடிந்ததும் கட்டிலை ஒரு ஏழை வீட்டுக்குக் கொடுத்தார்கள். கறுப்பு மட்டும் சுவரில் தங்கிவிட்டது. இந்தச் சனிக்கிழமை சர்ச் சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டம் இவர்கள் வீட்டில். வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். ‘ஆனந்தபாய் தட்டின எடமாக்கும்’ என்பார்கள். எபினும் பக்கத்தில் நிற்பான்... அதற்காகத்தான் பிரவுன். எந்தக் கறையும் தெரியாத பிரவுன்.

“அவனைக் கூப்பிட்டுத் திட்டாதுங்க. டப்பாவுல மிச்சம் கெடக்கு, நானே அடிச்சுக்கிடுதேன்” என்றாள். எபின் கடைக்குப் போனான்.

அவள் குனிந்து அடித்தாள். வெள்ளை மறைந்தது. கறுப்பு மறைந்தது. நெஞ்சு லேசானது. பிரஷ்ஷைக் கழுவிவிட்டு வந்து பார்த்தாள்.

பழையபடி வெள்ளை.

கீழே தரையில் பிரவுன் பொருக்குகள். யாரோ சுரண்டி உதிர்த்ததுபோல.

சுவர் ஈரமாக இருந்திருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மறுபடியும் அடித்தாள். இந்த முறை நகரவில்லை. அங்கேயே நின்றாள்.

பெயின்ட் வாடை குறைந்தது. தைல வாடை வந்தது. மாமிக்குத் தேய்க்கும் தைலம். அந்தக் குப்பியை அவளே தூக்கிப் போட்டிருந்தாள்.

ஈர பிரவுனில் ஒரு குழி விழுந்தது.

பக்கத்தில் இன்னொன்று.

மூன்று... நான்கு.

மடக்கிய விரல்கள்.

“மாமி...” என்றாள்.

எபின் வந்தபோது அவள் முன்னறையில் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் அடிக்கல்லியா?”

“அடிச்சேன். ஒண்ணுக்கு ரெண்டு வட்டம்.”

அவன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். போனை எடுத்துப் பெயின்டரைக் கூப்பிட்டான். செல்லசாமி பெருங்கடவிளைக்காரன். இந்த வீட்டுக்கு முதன்முதலாக வந்தவன். ஸ்பீக்கரில் அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

“செல்லசாமி, என்ன வேல வே இது? நடுவுல எடம் விட்டுட்டுப் போயிருக்கீரு!”

“நானாட்டு விடல்ல சாறே. அந்த அம்மச்சி சொல்லித்தான் விட்டேன்.”

“எந்த அம்மச்சி?”

“செவரு ஓரமா கட்டிலுல கெடந்தாங்களே. கட்டிலை அனக்கி நகத்த வேண்டாம்னு அவங்க சொன்னதுனால எட்டி எட்டியாக்கும் அடிச்சேன். இடுப்பே ஒடிஞ்சு போச்சு.”

“...அம்மச்சி பேசிச்சா?”

“நல்லா பேசிச்சே! ‘மக்கா, இவ்வளவு எடம் எனக்கு வேணும், விட்டுடு. மருமவ வாறேன்னு சொன்னா. இன்னும் வரல்ல. அவ வாறது வரைக்கும் நான் தட்டண்டாமா’ன்னாங்க. பாவமா இருந்துச்சு, அதுனால விட்டேன். சாறே... ஹலோ... கேக்குதா?”

எபின் போனை அணைத்தான்.

உள்ளே... டொக்.

டொக்.

டொக்.

அவன் அறைப் பக்கம் திரும்பவில்லை. அவளையே பார்த்தான்.

“பின்சி... அன்னைக்கு உனக்குக் கேட்டுதா?”