இறுதிச் சுற்றுக்கு வந்து சேராத கை

பிசியோதெரபிஸ்டிடம் வருகிறவர்களின் வாய் ஒன்று சொல்லும், மூட்டு வேறொன்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் எங்கள் பிழைப்பு.

பாதிப் படிப்பு யாழ்ப்பாணத்தில், மீதி லண்டனில். பிறகு அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு கல்லூரி பேஸ்பால் அணியின் கைகளைப் பல வருடம் பார்த்துவிட்டு, நாற்பத்தைந்து கடந்தபின் லண்டனுக்கே திரும்பி வந்தேன். வார நாட்களில் இல்ஃபோர்டில் என் கிளினிக். சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் ஒரு பல்கலைக்கழக பேஸ்பால் அணி. லண்டனில் பேஸ்பாலா என்று சிரிக்கவேண்டாம். அமெரிக்காவிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் நிறைந்த எங்கள் லண்டன் லீக்தான் நாட்டிலேயே கடுமையானது என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் தேசிய இறுதிச் சுற்று வந்தால், யாரும் பெரிதாக எண்ணாத லீக்குகளிலிருந்து வருகிறவர்களிடம் எங்கள் அணிகள் வரிசையாக விழும். நல்ல இடம் என்று பெயரெடுத்த அலுவலகத்தில், உள்ளுக்குள் நடக்கும் போட்டியிலேயே பாதி உயிரை விட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் பாதி சொல்லும்போதே மீதி விளங்கிவிடும்.

ஒரு ஓட்டம் முன்னிலை

பேஸ்பாலில் பந்தை எறிகிறவன் பிட்ச்சர். கிரிக்கெட்டைப் போல ஓவருக்கு ஓவர் ஆள் மாறுவதில்லை. ஒருவனே இயன்றவரை எறிந்துகொண்டிருப்பான், அதுவும் முழுப் பலத்தோடு. பிறகு அந்தக் கைக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஓய்வு வேண்டும். எதிரணி லேசானது என்றால், ஆட்டம் கைக்கு வந்ததும் நல்ல பிட்ச்சரை உட்காரவைத்துவிட்டு இன்னொருவனை அனுப்பலாம். எங்கள் லீக்கில் லேசான அணி என்று ஒன்று கிடையாது.

எங்கள் நல்ல பிட்ச்சர் அபிஷன், இருபது வயது, இல்ஃபோர்டில் வளர்ந்தவன். கோச் கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர். கேனரி வார்ஃபில் வங்கி வேலை, முன்பு டெக்சஸில் இருந்தபோது இந்த விளையாட்டில் விழுந்தவர். ஏப்ரல் குளிரில் ஒரு சனிக்கிழமை. நாங்கள் ஒரு ஓட்டம் முன்னிலை. அபிஷன் பந்துக்குப் பந்து வலது கையை உதறிக்கொண்டிருந்தான். முழங்கையின் உட்பக்கம் அவனுக்கு நோகிறது என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. "கார்த்திக், அவனை வெளியில எடுங்கோ" என்றேன். கார்த்திக் ஆடுகளத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அக்கா, இவனை எடுத்தா மேட்ச் போயிடும், எடுக்கலைன்னா இவன் போயிடுவான். நான் மேட்சைப் பாக்கறேன், நீங்க இவனைப் பாருங்க."

அது வேறு விளையாட்டு

ஞாயிறும் திங்களும் கையை அசைக்கவே கூடாது என்று அபிஷனிடம் சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வந்தால், சனிக்கிழமை விட்டதைவிட மோசமாக இருந்தது கை. தோளும் இறுகிப்போயிருந்தது. என்ன செய்தாய் என்று கேட்டால் "நத்திங், அன்ரி" என்பான். இரண்டு மூன்று வாரம் இதே கதை. ஓய்வெடுக்க எடுக்க மோசமாகும் கையை நான் என் தொழிலில் பார்த்ததில்லை.

விடை ஈஸ்ட் ஹாமில் மரக்கறிக் கடை ஒன்றில் கிடைத்தது. அபிஷனின் அப்பா அன்ரன் அண்ணை முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றார். மன்னார்க்காரர், பஸ் ஓட்டுகிறார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. பங்குக் கோயில்களுக்கு இடையில் நடக்கிற கிரிக்கெட் போட்டியில் மகன்தான் வேகப்பந்து வீச்சாம், ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்த கையோடு மைதானமாம், போன வாரம் மோர்டன் பக்கத்து அணியை மடக்கிவிட்டானாம். "அண்ணை, நான் அவனை ரெஸ்ட் எடுக்கச் சொன்னனான் எல்லோ?" என்றேன். அவருக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "ஓம் தங்கச்சி, ரெஸ்ட்தான் எடுத்தவன். பேஸ்பால் தொடவே இல்லை, கிரிக்கெட் மட்டும்தான் விளையாடினவன்."

போர்வைக்குள் ஒருவன்

மே மாதம் ஒரு தோழியைப் பார்க்கக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனேன். மெகன் என்று பெயர். என்னோடு படித்தவள், அங்கே உள்ள பல்கலைக்கழக அணிக்கு அவள்தான் பிசியோ. அவர்களுடைய லீக்கை லண்டனில் யாரும் லீக் என்றே சொல்வதில்லை. நான் பார்த்த ஆட்டம், சின்னப் பிள்ளைகளோடு பெரியவர்கள் விளையாடியது போல இருந்தது. ஓட்ட வித்தியாசம் அளவுக்கு மீறிப் போனதால் பாதியிலேயே ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். அந்த அணியின் நல்ல பிட்ச்சர் கொஞ்ச நேரம் எறிந்துவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். பருவம் முழுக்க அவனுக்கு இதுதான் வேலையாம்.

அவன் கையை ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். தொழில் ஆசைதான், வேறில்லை. முழங்கை, தோள், முன்கை, ஒன்றிலும் ஒரு முடிச்சு இல்லை. எங்கள் லீக்கில் மே மாதம் அப்படி ஒரு கை கிடையாது. லண்டன் லீக்கைப் பார்த்து இவர்களுக்குப் பயமில்லையா என்று மெகனிடம் கேட்டேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எங்களுடையது மோசமான லீக். அதனால்தான் எங்கள் பையன்களிடம் இன்னும் கை இருக்கிறது."

பெயருக்காக ஒரு ஆட்டம்

லீக்கின் கடைசி ஆட்டம் வந்தபோது இறுதிச் சுற்றில் எங்கள் இடம் உறுதியாகிவிட்டது. அபிஷனை உட்காரவைக்க ஒரு சனிக்கிழமை கிடைத்தது என்று நான் நினைத்தேன். எதிரணி யார் என்று பார்த்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் பழைய பகை. "அவங்ககிட்ட தோத்துட்டு நாங்க எப்படிக்கா கேம்பஸ்ல நடமாடுறது?" என்றார் கார்த்திக். அந்தப் பக்கத்தாரும் அவர்களுடைய நல்ல பிட்ச்சரையே இறக்கினார்கள். இரண்டு பேரும் கடைசிவரை எறிந்தார்கள். வென்றோம். எதற்கு வென்றோம் என்று மட்டும் கேட்கக்கூடாது.

அன்று மாலை அபிஷனின் மோதிர விரலும் சின்ன விரலும் விறைத்திருந்தன. ஸ்கேன் எடுக்கும்வரை பந்தைத் தொடாதே என்றேன். கார்த்திக்கிடமும் அதையே சொன்னேன். எனக்குச் சொல்லத்தான் ஏலும், கட்டிவைக்க ஏலாது. இறுதிச் சுற்றைப் பார்க்க ஒரு அமெரிக்கக் கல்லூரியின் கோச் வருகிறார் என்றும், பிடித்துப்போனால் முழு உதவித்தொகையோடு அபிஷனைக் கூட்டிப்போவார் என்றும் அதற்குள் அவன் வீடு முழுக்கப் பேச்சு. அப்படிப்பட்ட கல்லூரிகள் எறியும் கையைத்தான் கூட்டிப்போகும், ஆளை அல்ல என்று நான் சொல்லிப் பார்த்தேன். அபிஷன் விறைத்த விரல்களை மற்றக் கையால் பிசைந்துகொண்டே சிரித்தான். "அன்ரி, ஜஸ்ட் கெட் மீ டு த ஃபைனல்ஸ். அதுக்குப் பிறகு எவ்வளவு எண்டாலும் நோகட்டும்."

முதல் ஆட்டம்

இரண்டு நாள் நடக்கும் இறுதிச் சுற்றில் எங்கள் முதல் ஆட்டமே மெகனின் அணியோடு. போர்வைக்குள் இருந்தவன் அன்றுதான் முதல்தடவையாக முழுப் பலத்தோடு எறிவது போல எறிந்தான். எங்கள் பையன்களுக்கு அவனைத் தெரியாது. வருடம் முழுக்க அடித்த அதே லண்டன் பிட்ச்சர்களின் பந்து தவிர வேறெதையும் அவர்கள் பார்த்ததில்லை.

அபிஷன் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தான். பிறகு ஒரு பந்து அவன் கையைவிட்டுப் போய், அடிக்க நின்றவனுக்குக் கிட்டவும் போகாமல் பக்கத்து வேலியில் பட்டது. அவன் கத்தவில்லை. முழங்கையைப் பிடித்துக்கொண்டு, வேறு யாருடையதோ போல அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அதன்பின் எறிய வந்தவர்களின் கைகளும் ஏற்கெனவே காலியானவை; அந்த ஆட்டமும் போனது, அடுத்ததும் போனது.

பொழுது சாய்வதற்குள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்தாரும் வெளியே. இரண்டு நாள் ஆட்டத்தை வைத்து யார் பெரியவர் என்று தீர்மானிக்கமுடியாது, பந்து எந்தப் பக்கமும் துள்ளும், அது எனக்கும் தெரியும். ஆனால் ஐஸ் பைக்காக என் கூடாரத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் லண்டன்காரர்கள். வரிசையைத் தாண்டிப் போன ஒரு பார்வையாளர் தன் நண்பரிடம் சொல்லிக்கொண்டு போனார்: "லண்டன் லீக் எல்லாம் சும்மா பெயர்தான், பார்த்தீர்களா?"

ஸ்கேனுக்குப் பிறகு

முழங்கையின் தசைநார் முழுதாகக் கிழிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை, பிறகு ஒரு வருடத்துக்கு மேல், அதன்பிறகும் பழைய வேகம் வருமா என்பதற்கு ஒருவரும் உறுதி தரமாட்டார்கள். அமெரிக்கக் கோச் கைகுலுக்க இடது கையை நீட்டினாராம், நல்ல வார்த்தை நாலு சொன்னாராம், போய்விட்டாராம். கார்த்திக் இரண்டு முறை என்னைக் கூப்பிட்டார். முதல்முறை அழுதார். இரண்டாம் முறை, அடுத்த வருடத்துக்கு ஒரு புதுப் பிட்ச்சர் வருகிறான், அவன் தோளை ஒருமுறை பார்த்துத் தரமுடியுமா என்று கேட்டார்.

அபிஷனை அன்ரன் அண்ணைதான் கிளினிக்குக்குக் கூட்டிவந்தார், பஸ் சீருடையோடு. நான் படத்தைக் காட்டி விளக்கினேன். அபிஷன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷேர்ட்டின் முதல் பட்டனைப் போட அவனுக்கு இன்னும் ஏலவில்லை, அப்பாதான் பூட்டிவிட்டார். கதவுவரை போனவர் திரும்பி வந்து, மகனுக்குக் கேட்காத குரலில் என்னிடம் கேட்டார்: "தங்கச்சி, மற்றக் கை நல்லாத்தானே கிடக்கு, இடக்கையால எறியப் பழக ஏலாதோ?"

எங்கள் லீக் வலுவானதுதான்; வெளியிலிருந்து ஒருவர் வந்து எங்களை முறிக்கவேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு வலுவானது.