ஃபேனுக்கு நேர் எதிரே ஒரு சுவர்

பள்ளிகொண்டாவில் ஒரு வீட்டு ஹால் சுவரை நான் தனியாகச் செய்ய வேண்டி வந்தது. என் கணவர் பெயிண்டர். நானும் அவரோடு போவேன். வழவழப்பான சுவரில், பழைய சுண்ணாம்புப் பூச்சு போல மேடு பள்ளம் தெரியும்படி பெயிண்டிலேயே செய்வது என் வேலை. வீட்டாரிடம் பேசுவதெல்லாம் அவர்தான். அன்று அவருக்குக் காய்ச்சல். மறுநாளோ அந்த வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம்.

மேல் வண்ணத்தைத் தடவியதும், ஈரம் போவதற்குள் ஒற்ற வேண்டும். ஷூ கம்பெனியில் கழித்துப்போட்ட மெல்லிய தோல்துண்டைக் கசக்கி, அதை வைத்துத்தான் ஒற்றுவோம். தடவிய ஓரம் காய்ந்துவிட்டால், அடுத்துத் தடவுவது வந்து சேரும் இடத்தில் கோடு விழும். அந்தக் கோட்டை நினைத்தாலே எனக்குப் பயம். ஒரு மூலையில் ஆரம்பித்தால் மறு மூலைவரை நிற்கக் கூடாது.

பாதிச் சுவர் முடிந்தபோது வீட்டம்மா வந்தார்.

“இன்னாம்மா இப்டி வேர்த்துக் கொட்டுது? ஃபேன்கூடப் போடாம!”

சொல்லிக்கொண்டே ஸ்விட்சைப் போட்டு, முழு வேகத்தில் வைத்தார்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்பாகச் செய்தவரிடம் எப்படிச் சொல்வது? கையை வேகமாக ஓட்டினேன். ஃபேனுக்கு நேராக ஈரத்தின் பளபளப்பு மங்கிக்கொண்டே வந்தது. மாப்பிள்ளை வீட்டார் இந்தச் சுவரைப் பார்த்துதான் உட்காருவார்கள்.

“காபி போடட்டா?”

தலையை ஆட்டினேன். வேண்டும் என்றா வேண்டாம் என்றா, எனக்கே தெரியவில்லை.

அதற்குள் முழ நீளத்துக்குக் கோடு விழுந்துவிட்டது.

“ஃபேனை நிறுத்துங்கம்மா!”

கத்தியே விட்டேன்.

“ஐயையோ, ஷாக் அடிச்சிடுச்சா?” என்று ஓடிப்போய் மெயினையே அணைத்துவிட்டார்.

“இல்லம்மா… காத்துல பெயிண்ட் காயுது.”

“அட, இதுக்கா? அப்பவே சொல்றதுக்கு இன்னா? வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமா?”

கோட்டின்மேல் தண்ணீர் தெளித்து, ஒற்றி ஒற்றிக் கரைத்தேன். விரல் நீளம் மட்டும் போகவில்லை. மறுநாள் அந்த இடத்தில் பூச்சரம் தொங்கவிட்டார்களாம்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், முதலில் ஃபேன் ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டிவிடுகிறேன். வாய் திறக்க வேண்டியதில்லை. ஆனாலும் வேலை நடக்கும்போது யாராவது உள்ளே வந்தால், என் கண் சுவரில் நிற்பதில்லை. அவர்கள் கை எங்கே போகிறது என்றுதான் பார்க்கும்.