மூன்றாவது இலக்கம்

அன்றைக்குக் கடையில் இருந்தது ஐந்து பேர். நான். கடையை நடத்தும் என் அண்ணி. பட்டா நகலுக்காகக் குருவிநத்தத்திலிருந்து வந்திருந்த கரும்பு விவசாயி ஒருவர். உதவித்தொகை விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்க வந்து, மீன் கூடையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு உள்ளே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. அப்புறம், நாங்கள் கேன்டீன் அக்கா என்று கூப்பிடும் அவள். ஐந்தே பேர். இதை எத்தனை முறை எண்ணியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த ஐந்து பேரில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான்.

தவளக்குப்பம் கூட்டுரோட்டில், கடலூர் சாலையைப் பார்த்த மாதிரி இருக்கிறது எங்கள் ஆன்லைன் சேவைக் கடை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, பென்ஷன் என்று பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் பாதிப் பேர் ஏதாவது ஒன்றுக்காக எங்களிடம் வந்திருப்பார்கள். ஒருமுறை வந்தவர் மறுமுறையும் காகிதங்களைச் சுமந்து வர வேண்டாம் என்று எல்லாவற்றையும் நகலெடுத்து, கடை முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வது அண்ணியின் வழக்கம். எங்கள் பக்கத்தில் ஒரே பெயரில் தெருவுக்கு நாலு பேர். அதனால் ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது ஆளின் பெயர், ஒரு கோடு, தகப்பன் பெயர், ஒரு கோடு, ஊர் என்று வைப்போம். கல்யாணமான பெண் என்றால் தகப்பன் பெயர் வரும் இடத்தில் புருஷன் பெயர். அதைக் கேட்டுக்கூட எழுதமாட்டோம். ஆதாரில் இருப்பதைப் பார்த்துத் தட்டிவிடுவோம். பிறகு கடைக்கென்று ஒரு வெப்சைட்டும் வந்தது, விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கவும் ரசீதை இறக்கிக்கொள்ளவும். ஸ்கேன்களும் அதே சர்வரில் ஒரு தனி ஃபோல்டரில் இருந்தன. வெப்சைட்டைக் கட்டிக் கொடுத்தவர் வெளிநாடு போகும்முன் எனக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார். கொஞ்சம்தான்.

கேன்டீன் அக்கா வில்லியனூர்ப் பக்கம் புருஷனோடு இருந்தவள். ஒருநாள் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பள்ளிக்கூட வாசலில் வைத்தே கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். பிள்ளையார்குப்பத்தில் ஒரு கேன்டீனில் தோசைக்கல்லுக்கு முன்னால் வேலை. தங்க, பாகூர் போகிற வழியில் ஓர் அறை. சத்தமாகப் பேசுவாள், சத்தமாகச் சிரிப்பாள். ஆதாரில் விலாசம் மாற்ற வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வந்த அன்று மட்டும் குரலைத் தாழ்த்தினாள். “தங்கச்சி, இந்த விலாசம் வெளிய எங்கியும் போவாதில்ல?” “நம்ம கம்ப்யூட்டர்லதாங்க்கா இருக்கும்” என்றேன். அவள் முந்தானையை விலக்கி இடது முழங்கைக்கு மேலே காட்டினாள். இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. “அவன் கைக்கு இது கெடைச்சா அடுத்தது மூஞ்சிதான்” என்றவள், “நல்ல மூஞ்சி, பாத்துக்க” என்று அவளே சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

சர்வரை வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் கம்பெனி கட்டணத்தை ஏற்றிவிட்டதால் நாங்கள் வேறொரு கம்பெனிக்கு மாறியிருந்தோம். எல்லா ஃபைல்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி இங்கே கொண்டுவந்து அவிழ்த்ததில் எங்கேயோ பிசகிவிட்டது. நான் சொல்லும் அந்த நாளின் காலையில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் 403 என்ற எண்ணும், அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையும் மட்டும் நின்றன. “இன்னாம்மா, நேத்து வா இன்னிக்கு வான்னு. கரும்பே இதுக்குள்ள வெட்டி முடிஞ்சிருக்கும்” என்றார் விவசாயி. கூடைக்கார அம்மா வாசலிலிருந்து, “உன் பட்டா நிக்கும்யா, எம் மீனு நிக்குமா? வெயிலு ஏறுது பாரு” என்றாள். அண்ணி என் காதருகே குனிந்து, “பாப்பா, இன்னா பண்ணுவியோ தெரியாது, ஆளுங்க திரும்பிப் போவக் கூடாது” என்றாள். கேன்டீன் அக்கா ஒருத்திதான் என் பக்கம் பேசினாள். “சும்மா இருங்கப்பா, அதை வேலை பாக்க வுடுங்க. நீ மெதுவாவே பாரு தங்கச்சி. எனக்கு ரசீது மட்டும் எடுத்துக் குடுத்துட்டா ஷிப்டுக்கு ஓடிருவேன்.”

சர்வரில் ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று இலக்கத்தில் ஓர் எண் உண்டு. முதல் இலக்கம் ஃபைலின் சொந்தக்காரருக்கு, இரண்டாவது அவருடைய குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று அந்த எண்தான் சொல்லும். மாற்றிக் கொண்டுவந்ததில் மூன்றாவது இலக்கம் எல்லாவற்றுக்கும் பூஜ்யமாகிக் கிடந்தது. பக்கத்தைக் காட்ட வேண்டிய சர்வருக்கே படிக்க அனுமதி இல்லை. பக்கங்களுக்கு மட்டும் அளவாகத் திறந்துவிட்டிருந்தால் போதும். எனக்கு அந்த அளவு தெரியாது. யாரோ இணையத்தில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து, மொத்தத்துக்கும் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், என்று போட்டேன். போட்ட கையோடு, ஸ்கேன் ஃபோல்டருக்குள் வெளியாட்கள் வரக்கூடாது என்று எழுதி வைத்திருந்த ஒரு சின்ன ஃபைலைப் பார்த்தேன். ஒருவேளை இதுதான் தடுக்கிறதோ என்று அதையும் எடுத்துவிட்டேன். பக்கம் வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே செய்ததால் எது சரிசெய்தது என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் பார்க்கவில்லை. “ஓடுதில்ல, இனிமே கை வெக்காத” என்றாள் அண்ணி. கேன்டீன் அக்கா என் முதுகில் ஒன்று போட்டு, “இனிமே ஒம்போதாவதுன்னு யார்கிட்டயும் சொல்லாதடி. இன்ஜினியர்னு போர்டு மாட்டு” என்று சொல்லிவிட்டு ரசீதோடு ஓடினாள்.

நான் இயல்பிலேயே பயந்தவள். கேஸ் அடுப்பை மூடினேனா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பவள். பணம் அனுப்பிய எண்ணை மூன்று தடவை சரிபார்ப்பவள். அப்படிப்பட்ட நான் எப்படி அன்று திரும்பிப் பார்க்காமல் விட்டேன் என்று யோசித்து யோசித்து ஒரு பதில் கண்டுபிடித்தேன். என் பயமெல்லாம் திறக்காத கதவைப் பற்றித்தான் இருந்தது. வாசலில் நிற்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள், அண்ணி முகம் சுளிப்பாள், படிக்காதவள் என்று தெரிந்துவிடும் என்ற பயம். திறந்துவிட்டதும் அந்தப் பயம் அடங்கிவிட்டது. திறந்து கிடப்பதைப் பார்த்துப் பயப்பட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, எனக்குத் தானாகவும் தோன்றவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து, ஒரு பள்ளிக்கூட நாளில் காலை பதினொரு மணிக்கு, சீருடை போட்ட மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா கடைக்குள் வந்தாள். கேன்டீன் உடுப்பின் மேலேயே ஒரு துண்டைப் போர்த்தியிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “அவன் வூட்டுக்கு வந்துட்டான்” என்றாள். முந்தின நாள் மாலை, கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்றிருக்கிறான். அடிக்கவில்லை. போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினானாம். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி விரட்டும்வரை வாசற்படியில் உட்கார்ந்து அதையே திருப்பித் திருப்பிச் சொன்னானாம். அதை அவள் அவன் குரலிலேயே சொன்னாள்: “எம் பேர அடிச்சன்டி, நீ வந்து நிக்கிற.” பிறகு அவன் போனில் தெரிந்ததை அவளுக்குப் புரிந்தவரை விவரித்தாள். வாடகைப் பத்திரம். ஓரத்தில் ஒரு ஊதா முத்திரை. நான் மேசைமேல் இருந்த எங்கள் கடையின் ஊதா முத்திரையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். “ஒங்க வூட்டுதுதான தங்கச்சி அது?” என்றாள், கோபமே இல்லாமல்.

என் போனை எடுத்து இணையத் தேடலில் அவள் பெயரையும் அவன் பெயரையும் சேர்த்துத் தட்டினேன். முதல் வரியிலேயே வந்தது. அவள் பெயர், ஒரு கோடு, அவன் பெயர், ஒரு கோடு, ஊர். என் விரலால் நான் வைத்த பெயர். அதைத் தொட்டதும் வாடகைப் பத்திரம் முழுசாக விரிந்தது: கதவு எண், தெரு, வீட்டுக்காரர் கையெழுத்து. முகவரியில் கடைசிப் பகுதியை அழித்துவிட்டுப் பார்த்தேன். புது கம்பெனியின் சர்வர், தடுக்க ஃபைல் இல்லாத ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் பட்டியல் போட்டுக் காட்டும் வகை; தேடல் தளம் அதை அப்படியே எடுத்து வைத்திருந்தது. நூற்றுக்கணக்கில் பெயர்கள் ஓடின. பட்டா கேட்ட விவசாயி, கூடைக்கார அம்மா, என் அம்மா, அண்ணி, நான். அக்காவின் மகள், “அம்மா, அவங்க அழுவுறாங்க” என்று சொன்ன பிறகுதான் நான் அழுவது எனக்குத் தெரிந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்தவர் தமிழில் பொறுமையாகப் பேசினார். “மேடம், மொத்தத்துக்கும் 777 யாரு போட்டது?” நான்தான் என்றேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் செய்தேன். ஃபோல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644, அதாவது மற்றவர்கள் படிக்க மட்டும். ஸ்கேன்களை வெப்சைட் எட்டாத இடத்துக்கு மாற்றினேன். எடுத்துவிட்ட அந்தச் சின்ன ஃபைலைத் திரும்ப எழுதினேன். இருபது நிமிட வேலை. முதல் நாளே போன் செய்திருந்தாலும் இருபது நிமிடம்தான் ஆகியிருக்கும். யார் எதைத் திறந்தார்கள் என்று சர்வரே எழுதி வைக்கும் பதிவை எடுத்துக் காட்டினார். அக்காவின் ஃபைல் ஒரே போனிலிருந்து பதினொரு முறை திறக்கப்பட்டிருந்தது. முதல் முறை, அவன் வந்து நின்றதற்கு நாலு நாள் முன்பு. நாலு நாள் அவன் அந்த விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். எங்கே நின்று பார்த்தான், அவள் ஷிப்ட் முடிந்து நடந்து வரும்போதா, மகள் பள்ளிக்கூடம் போகும்போதா? இதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று ஒருநாள் தோன்றும். சொன்னால் அவளால் எப்படித் தூங்க முடியும் என்று மறுநாள் தோன்றும்.

அண்ணிக்கு வேறு பயம். “வெளிய சொல்லாத பாப்பா, கடைய இழுத்து மூடிருவானுங்க” என்றாள். அக்கா அவளைத் திரும்பிப் பார்த்து, “நான் யார்கிட்ட போய்ச் சொல்லப் போறன் அண்ணி? சொல்லணும்னா எங்க இருக்கன்னு மொதல்ல கேப்பாங்க” என்றாள். அந்த வாரமே, வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் நானே சொல்ல ஆரம்பித்தேன், உங்கள் காகிதம் பத்தொன்பது நாள் திறந்து கிடந்தது என்று. சிலர் திட்டினார்கள். பலருக்கு நான் சொல்வது என்னவென்றே புரியவில்லை, “பரவால்ல வுடுமா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இப்போது எந்த ஃபைலிலும் ஆள் பெயர் கிடையாது, புருஷன் பெயர் கிடையாது. வெறும் டோக்கன் எண். வேலை முடிந்த அன்றே அழித்துவிடுகிறோம். காகிதத்தை மறுபடி எடுத்துவரச் சொன்னால் ஜனங்கள் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

அக்கா மூன்றாம் நாளே அறையைக் காலி செய்தாள். கேன்டீனிலும் நின்றுவிட்டாள். முன்கூட்டிச் சொல்லாமல் போனதால் வீட்டுக்காரர் எட்டாயிரம் ரூபாய் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை. அது என்னால் போனது, நான் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். “வேணாங்கற நெலமையில நான் இல்ல தங்கச்சி. மாசம் ஐநூறா போடு. எங்க போறன்னு மட்டும் கேக்காத” என்றாள். கேட்கவில்லை. அவள் போன் எண்ணுக்கு ஒன்பது மாதம் ஒழுங்காக அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் பணம் போய்ச் சேர்ந்தது என்று செய்தி வரும்போது, அவள் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள் என்று மூச்சு விடுவேன். பத்தாவது மாதம் பணம் போகவில்லை. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது போன். அவளே மாற்றியிருக்கலாம். அவளைக் கண்டுபிடிக்க என் கையில் மிஞ்சியிருந்த அந்த ஒன்றையும் அவளே எடுத்துக்கொண்டிருக்கலாம். அதுதான் புத்தி. அதைத் தாண்டி நினைக்க நான் முயல்வதில்லை, ஆனால் நினைப்பு வந்துவிடுகிறது. பெயரைத் தட்டினால் ஏதாவது தெரியக்கூடும். பலமுறை விரல் எழுத்துமேல் போய் நின்றிருக்கிறது. அவளைத் தேடுகிற இரண்டாவது ஆளாக நான் ஆகிவிடக் கூடாது என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். ஐநூறை மட்டும் மாதாமாதம் தனியாக எடுத்து வைக்கிறேன். அவளுக்கு நான் தர வேண்டியது இன்னும் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.