ஓடையிலிருந்து இரண்டாவது நிரை

வீரம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மலாயாவில், சுங்கை சிப்புட் ஊருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் தான் பால் வெட்டும் முன்னூறு ரப்பர் மரங்களில் எது எங்கே நிற்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். 1926 டிசம்பர் மழையில் அது மட்டும் போதவில்லை.

அன்று காலை வீசிய காற்றில் மரமொன்று சாய்ந்து, கூட வெட்டிக்கொண்டிருந்த நல்லம்மாளின் காலை ஓடைக்கரையில் அழுத்திவிட்டது. வீரம்மா தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. ஏறிக்கொண்டிருந்த ஓடைத் தண்ணீர் நல்லம்மாளின் இடுப்பைத் தொட்டுவிட்டது.

“ஓடுடி! என்னைப் பாத்துக்கிட்டு நின்னா மரம் எந்திரிச்சுப் போயிடுமா?”

அரை மைல் ஓடி ஆபீசுக்கு வந்தாள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சூசைநாதன் டெலிபோனைச் சுழற்றினார். ரம்பமும் ஆட்களும் மேல் தோட்டத்தில் இருந்தார்கள்.

“எந்த இடம்? சட்டுனு சொல்லு.”

“அஞ்சாம் நம்பர் காடு, ரெண்டாவது நிரைங்க ஐயா.”

அதையே அவர் டெலிபோனில் இரண்டு முறை சொன்னார். ஆட்கள் கிளம்பிவிட்டதாகப் பதில் வந்தது. பிறகு மேசைமேல் விரித்திருந்த தோட்டப் படத்தில் விரலை வைத்து, “இந்தா, இங்கதான். இப்பப் போயிருவானுங்க,” என்றார்.

வீரம்மா பார்த்தாள். படத்தின் மறு ஓரத்தில் ஒரு நீலக் கோடு நெளிந்து கிடந்தது.

“இது என்னங்க ஐயா?”

“ஓடை.”

“அப்ப உங்க விரலு ஏன் அங்க இருக்கு?”

படத்தில் நிரைகளைச் சாலையிலிருந்து எண்ணியிருந்தார்கள். பால் வெட்டுகிறவர்களோ ஓடையிலிருந்து எண்ணுவார்கள். முதல் கன்றுகளை நட்டது அங்கேதான்.

சூசைநாதன் மறுபடியும் டெலிபோனைச் சுழற்றினார். மேல் தோட்டத்தில் எடுக்க ஆளில்லை.

வீரம்மா காத்திருக்கவில்லை. வாசலில் கிடந்த பால் வாளியைத் தூக்கிக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த வெட்டுக்கத்தியின் பிடியால் அதை அடித்தபடியே ஓடினாள். காட்டுக்குள் வந்ததும் நின்று அடித்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். மழைச் சத்தம்தான். இன்னும் உள்ளே ஓடி அடித்தாள். வாளி நசுங்கியது. அப்புறம்தான் சாலைப் பக்கமிருந்து ஒரு சீழ்க்கை.

“இங்கடா! ஓடைப் பக்கம்!”

நல்லம்மாளின் மோவாய்வரை தண்ணீர். “ஈப்போ டவுனச் சுத்திப் பாத்துட்டு வாரியாக்கும்?” என்றாள், பல் கிட்டிக்க. ஆட்கள் ஓடி வந்து மரத்தை அறுத்து முடிக்கும்வரை வீரம்மா பின்னால் உட்கார்ந்து அவள் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

நல்லம்மாள் பிழைத்தாள், கால் மட்டும் நேராகவில்லை. அவளால் ஏற முடியாத மேட்டு மரங்களை அதற்குப் பிறகு வீரம்மாதான் வெட்டிக்கொடுத்தாள், திட்டிக்கொண்டே.