வெள்ளம் வருகுதே என்றதும் சிரித்தவர்கள்

நாடகம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது அக்கா என்னை மேக்கப் அறைக்குக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தாள். பாதி முகத்தில்தான் பவுடர் ஏறியிருந்தது. முழு முகத்திலும் பயம் ஏறியிருந்தது.

"ஏட்டி, நீ கழக்கூட்டத்துல ஆளுவகிட்ட ஃபீட்பேக் வாங்குக வேலதானே பாக்க? எனக்கும் வாங்கு. ஏழாவது வரிசை, நடு சீட்டு. யாரு எங்க சிரிச்சாவ, யாரு எங்க கொட்டாவி விட்டாவ, எல்லாம் அப்படியே வந்து சொல்லணும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், கேட்டியா?"

கழக்கூட்டத்து மென்பொருள் அலுவலகம் ஒன்றில் மனிதவளப் பிரிவில் இருபது வருஷமாக இருக்கிறேன். மனிதர்கள் உள்ளே ஒன்றை நினைத்து வெளியே ஒன்றைச் சொல்வதைக் கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப்போனவள். இது என்ன பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டு ஏழாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

அக்காவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கழுத்தில் தைராய்டு ஆப்பரேஷன் நடந்தது. முடிந்ததும் டாக்டர், "பேச்சு வந்துவிடும்" என்றார். "பாட்டு?" என்று அவள் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். அவர் அதை வாசித்துவிட்டு, "பார்ப்போம்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஸ்வரம் பிடித்துப் பழகினாள். முதல் வருஷம் வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் வருஷம் கீழே கொஞ்சம் குரல் வந்தது. போன வருஷம் அவள் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சமயத்தில் மேலேயும் எட்டத் தொடங்கியது. எட்டும், சில நாள் எட்டாது. எந்த நாளில் என்று அவளுக்கே தெரியாது.

அந்த நேரத்தில்தான் இந்த மலையாள நகரத்தில் இருக்கும் எங்கள் தமிழ் நண்பர்கள் கூட்டம் நாற்பது வருஷப் பழைய இசை நாடகம் ஒன்றை மறுபடி மேடையேற்ற நினைத்தது. சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரு தமிழ் வாத்தியார் எழுதியது. பதினான்கு பாட்டு. கதை எளிது. மூன்று வருஷம் மழை இல்லாத ஊர். கால்வாய் காய்ந்து கிடக்கிறது. மடையில் அடைத்திருக்கும் மண்ணை எடுக்க மடைக்காரன் உள்ளே இறங்கியிருக்கிறான். மலையில் பெய்த மழை திடீரென்று கால்வாயில் பாய்ந்து வருகிறது. கரையில் நிற்கும் அவன் மனைவி ஒருத்திதான் அதைப் பார்க்கிறாள். "பிரளயம் வருகுதே" என்று மூன்று தடவை பாடிக் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே. மூன்றாவது தடவை உச்சியில் நிற்க வேண்டும். மடைக்காரன் மனைவியாக நடிக்க அக்கா தானே போய்க் கேட்டாள்.

பாட்டுகளைப் புதுப்பிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டில் தமிழ்ப் புத்தகம் வாசிக்கிறவள் என்று ஒரு பெயர் எனக்கு உண்டு. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் வாத்தியார் வடசொல்லாக அள்ளிப் போட்டிருந்தார். பார்க்க வருவதில் பாதிப்பேர் மலையாளிகள், மீதிப்பேர் என்னைப்போல மலையாளப் பள்ளியில் படித்த தமிழர்கள். இவர்களுக்குப் 'பிரளயம்' எங்கே புரியப்போகிறது? இரண்டு மொழிக்கும் பொதுவாக, நல்ல தமிழ்ச் சொல் ஒன்று வேண்டும். பேனாவை எடுத்து அடித்துவிட்டு 'வெள்ளம்' என்று எழுதினேன். முதல் எழுத்தைக் கொஞ்சம் இழுத்தால் தாளமும் நின்றது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

சனி, ஞாயிறு இரண்டு நாள் நாடகம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் திரை விலகியது. அரங்கு நிறைந்திருந்தது. எனக்கு இடப்பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு ஒருவர். பாட்டின்போது மெல்லக் கூடாது என்ற மரியாதை அவருக்கு இருந்ததால், பாட்டு முடியும்போதெல்லாம் ஒரு நொறுக்கல் கேட்டது. வலப்பக்கம் அக்காவின் மேல்மாடி வீட்டுக்காரி, நல்ல மலையாளி. முன் வரிசையில் ஒரு பெரியவர் பழைய நாடகத்தைப் பார்த்தவர்போலும். ஒவ்வொரு பாட்டையும் மேடைக்கு அரைத் தாளம் முன்னால் பாடிக்கொண்டிருந்தார்.

இந்த ஊர்க் கூட்டம் சிரிப்பதில் ஒரு விசேஷம் உண்டு. சிரிப்பு இரண்டு தவணையாக வரும். நகைச்சுவைக்காரர் ஒன்று சொன்னதும் தமிழர்கள் சிரிப்பார்கள். உடனே வரிசைக்கு வரிசை "எந்தா பறஞ்ஞது?", என்ன சொன்னார் என்று கிசுகிசுப்பு எழும். மொழிபெயர்ப்பு நடக்கும். பிறகு மலையாளிகள் சிரிப்பார்கள். அதற்குள் மேடையில் அடுத்த துக்கம் தொடங்கியிருக்கும். ஒரு கட்டத்தில் நகைச்சுவைக்காரர், "எனக்கு வாய்த்த சம்சாரம் சரியில்லை" என்று தலையில் அடித்துக்கொண்டார். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. மேல்மாடிக்காரி என் பக்கம் சாய்ந்து, "பாவம், தொண்ட சுகமில்லா அல்லே?" என்றாள். நான் அதையும் அக்காவிடம் சொல்வதற்காக மனதில் குறித்துக்கொண்டேன்.

கடைசிக் காட்சி வந்தது. அக்கா கரையில் தனியாக நின்றாள். ஹார்மோனியம் மட்டும் மெதுவாக ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. சிப்ஸ்காரர்கூட அசையவில்லை. அக்கா கையைத் தூரத்துக்கு நீட்டி, கண்ணை அகல விரித்து, பாடினாள்.

"வெள்ளம் வருகுதே!"

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் சத்தமாகக் கேட்டது. "எவிடெ?"

அவ்வளவுதான். அரங்கு வெடித்தது. அந்த மாலை முழுவதிலும் ஒரே தவணையில், தமிழர் மலையாளி பேதமில்லாமல் எழுந்த சிரிப்பு அது ஒன்றுதான்.

எங்கே என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கேயோ பெரிய குழாய் உடைந்து, ஊரில் பாதி வீடுகளில் நான்கு நாளாகத் தண்ணீர் இல்லை. மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற, குளிக்கிற தண்ணீர். நான்கு நாளாக இந்த நகரத்தில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்வி, "வெள்ளம் வந்நோ?" மலையாளிகளை விடுங்கள். அன்று காலை நானே அக்காவுக்குப் போன் போட்டு, "அங்க வெள்ளம் வந்துதா?" என்று கேட்டிருந்தேன். வீட்டில் குடம் தூக்கும்போது ஒரு தமிழ், பேனா பிடிக்கும்போது இன்னொரு தமிழ். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்துகொண்டு ஒன்றை ஒன்று பார்க்காமலே இருந்திருக்கின்றன.

அக்கா இரண்டாவது தடவை பாடினாள். சிரிப்பு இன்னும் பெரிதானது. மூன்றாவது தடவை அவள் மேலே போகவில்லை. கீழ் ஸ்வரத்திலேயே முணுமுணுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். உச்சிக்குப் போன ஹார்மோனியம் தனியாக நின்று விழித்தது. எனக்கு எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது.

மேக்கப் அறைக்குப் போனபோது வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்க குரல் உடஞ்சிட்டு, இல்லியா?"

மேடை விளக்கு கண்ணில் அடிக்க, அவளுக்குக் கூட்டம் தெரியவில்லை. 'எவிடெ'யும் கேட்கவில்லை. வாயைத் திறந்த இடத்தில் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. மூன்று வருஷமாக அவள் பயந்துகொண்டிருந்த சத்தம் இது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா வீட்டுக்குப் போகும் ஆட்டோ தம்பானூரைத் தாண்டியது. பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். குரலில் குறையே இல்லை, குற்றம் நான் மாற்றிய சொல்லில்தான், ஊரில் தண்ணீர் இல்லாததால் வந்த சிரிப்பு என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஆறுதல் சொல்லுகதுக்குன்னு கத உண்டாக்காண்டாம். ஆபீஸ்ல ஆளுவள வேலய விட்டு அனுப்பும்போ இப்படித்தானே பேசுவ?"

அது கொஞ்சம் நிஜம்.

"நாளைக்கு கோரஸ்ல நிக்க பிள்ள பாடட்டும். நான் வரல்ல. இனி பாட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அன்று அவளோடேயே தங்கினேன். அத்தான் ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் கண்ணைக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வழக்கமாகச் சாத்தும் கதவை அக்கா சாத்தவில்லை. ஸ்வரம் கேட்கவில்லை. சமையலறையில் காலிக் குடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது. அந்த ஒரு சொல்லை அடித்த பேனாவை உடைத்துப்போட்டிருக்கலாம்.

ஏழு மணிக்குக் கீழே ஒரு லாரி வந்து நின்றது. காவல்காரர் மாடிப்படியின் அடியில் நின்று முழுத்தொண்டையில் கத்தினார்.

"வெள்ளம் வந்நே! சேச்சிமாரே, வெள்ளம் வந்நே!"

நான்கு மாடியும் ஒரே நேரத்தில் திறந்தது. வாளி, குடம், அண்டா, குழந்தை குளிக்கும் தொட்டி, எல்லாம் படியில் உருண்டு இறங்கின. ஒரே சிரிப்பு, கூச்சல். மூன்றாம் மாடி வக்கீல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவினார். அக்கா குடத்தை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினேன்.

வரிசையில் மேல்மாடிக்காரி எங்களுக்கு முன்னால் நின்றாள். அக்காவைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்தாள்.

"சேச்சி இன்னலெ பறஞ்ஞ வெள்ளம் இப்போழாணு வந்நது!"

நேற்று நீங்கள் சொன்ன தண்ணீர் இப்போதுதான் வந்து சேர்ந்தது என்கிறாள். வரிசை மொத்தமும் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. தன் குரலுக்கு ஏதாவது ஆயிருந்ததா என்று நிதானமாக மலையாளத்தில் கேட்டாள். "அப்போ என்றெ சப்தம்? சப்தத்தினு எந்தெங்கிலும்…"

"சப்தத்தினு எந்தா?" என்றாள் அவள். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "வெள்ளம்னு கேட்டப்போள் ஞான் வீட்டிலெ டாப் பூட்டியோன்னு ஓர்த்துபோயி." வீட்டில் குழாயைத் திறந்துபோட்டுவிட்டு வந்தோமோ என்ற கவலையாம்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு குடம் குலுங்கியது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அது முழுக்கச் சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். "இப்பமே பழையபடி பிரளயம்னு மாத்திடுறேன்" என்றேன். அத்தான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார். "மலையாளத்துல வெள்ளப்பெருக்குக்குப் பிரளயம்னுதானே சொல்லுவாவ? ஊரே முங்கின அந்தப் பெருமழைக்குப் பொறவு பொடிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியுமே."

நாடகம் எழுதிய வாத்தியாருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் அடித்து எழுதத் தெரிந்தது.

அக்கா பேனாவை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். "மாத்தாண்டாம். இருக்கட்டு" என்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து ஸ்வரம் கேட்டது.

அன்று மாலையும் ஏழாவது வரிசை, நடு சீட்டு. மறுபடி பார்க்கவேண்டும் என்று மேல்மாடிக்காரியும் என்னோடு வந்திருந்தாள். கடைசிக் காட்சியில் அக்கா வெறுங்கையோடு வரவில்லை. இடுப்பில் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. முதல் தடவை 'வெள்ளம் வருகுதே' என்று பாடும்போது முகம் மலர்ந்திருந்தது. காய்ந்த கால்வாயில் தண்ணீர் வந்துவிட்ட சந்தோஷம். குடத்தைக் கரையில் வைத்து, வரிசையில் முதல் ஆளாக நிற்பதுபோல முந்தானையைச் செருகிக்கொண்டாள். கூட்டம் சிரித்தது, கைதட்டியது. சீக்கிரம் பிடித்துக்கொள்ளச் சொல்லி, "வேகம் பிடிக்கணே" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

இரண்டாவது தடவை அவள் குனிந்து பார்த்தாள். தண்ணீர் கணுக்கால்வரை ஏறிவிட்டதை எங்கள் எல்லோருக்கும் காட்டினாள். 'வெள்ளம்' என்ற சொல் பாதிக்கு மேல் மெதுவானது. இரண்டு பேர் சிரித்து, தாங்களே நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாவது தடவை அவள் மடையின் பக்கம் திரும்பினாள். புருஷன் உள்ளே இருக்கிறான். குடம் காலில் பட்டு உருண்டு, மேடையின் ஓரம்வரை சத்தம் போட்டுக்கொண்டே போயிற்று. அக்கா உச்சிக்குப் போனாள்.

குரல் அங்கே நிற்கவில்லை. எட்டியது, எட்டிய இடத்திலேயே பிளந்தது. ஒரு பக்கம் பாட்டாகவும் ஒரு பக்கம் வெறும் காற்றாகவும் வந்தது. யாரும் எந்தா பறஞ்ஞது என்று கேட்கவில்லை. சிப்ஸ் இல்லை, இருமல் இல்லை. மேல்மாடிக்காரி என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

மேக்கப் அறையில் அக்கா கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை வளையல் கையில்தான் இருந்தது.

"சிரிச்சாவளா?"

"மொதல் தடவை. நல்லா சிரிச்சாவ."

"மூணாவதுல குரல் உடஞ்சுது. ஒனக்குக் கேட்டுதா?"

கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

"கேட்டுது, அக்கா. எல்லாருக்கும் கேட்டுது."

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"அப்ப யாரு சிரிச்சா?"

"யாரும் சிரிக்கல்ல."