அரிசி டிரம்மில் இருந்த குரல்

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு பீரோவுக்குப் பூட்டு கிடையாது. அரிசி டிரம்முக்கு உண்டு. அதற்குள் பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு கேசட்டும் ஒரு புகைப்படமும் இருந்தன. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது பெரியப்பாவின் விஞ்ஞானம்.

கேசட்டில் இருந்தது எங்கள் தலைவரின் பேச்சு. பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கவும் டீக்கடை பெஞ்சில் உட்காரவும் எங்கள் மக்களுக்கு உரிமை உண்டென்று ஊர் ஊராகப் போராடியவர். எங்கள் பக்கம் அவர் வந்தது ஒரே முறை. பெரியப்பாதான் அதைப் பதிவு செய்தார். வேறெதையும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று கேசட்டின் பல் இரண்டையும் உடைத்தும் வைத்தார்.

தலைவரின் நினைவு நாளில் தெருவே கூடி அதைக் கேட்கும். பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழும். அந்தக் குழந்தை நான். 'தலைவர் வாயையே அடைச்சவ' என்று அண்ணன்மார் ஆண்டுதோறும் என் மானத்தை வாங்குவார்கள்; எழும் சிரிப்பில் தலைவர் அடுத்துச் சொல்வது யார் காதிலும் விழாது.

நான் ஐந்தாவது படித்தபோது நாடா இழுத்துப் பாட ஆரம்பித்தது. பெரியப்பா கேசட்டை அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு எடுத்துப் போனார், சிடியில் ஏற்ற. அம்மாவும் நானும் கூடப் போனோம்.

கடைக்காரர் கேட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாத்தே, பேச்சு சூப்பரா கீது. நடுவுல ஒரு கொயந்த கத்துது. அத்த வெட்டித் தூக்கிடட்டா?" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பெரியப்பாவும் தலையாட்டப் போனார்.

பெரியப்பா எதிரில் அம்மா குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்று கடையே திரும்பிப் பார்த்தது.

"வெட்டறதா இருந்தா கேசட்ட குடுங்க மாமா, நான் ஊட்டுக்கு எடுத்துகினு போறேன். அய்ததுக்கு அப்பறம் அவுரு இன்னா சொன்னாருன்னு கேளுங்க."

கடைக்காரர் மறுபடி ஓடவிட்டார். என் அழுகை. தலைவர் பேச்சை நிறுத்துகிறார். பிறகு அவர் குரல்: "அந்த அம்மாவ ஏன் பின்னாடி நிக்க வெச்சிருக்கீங்க? முன்னால நாற்காலி போட்டு உக்கார வைங்க. அந்தப் புள்ளைக்காகத்தான் பேச வந்திருக்கேன்."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியே இருக்கட்டும்பா" என்றார்.

டிரம்மில் இருந்த புகைப்படம் அந்தக் கூட்டத்தில் எடுத்ததுதான். ஊர்ப் பெரியவர்களின் வரிசையில் அம்மா, மடியில் துணிச்சுருளாக நான். இன்று அந்தப் பேச்சு எல்லார் செல்போனிலும் இருக்கிறது. என் அழுகை வரும் இடத்தில் எனக்குக் கர்வம் தாங்காது.

அன்று கடையிலிருந்து பேருந்தில் திரும்பும்போது எனக்கு அழுகையாக வந்தது. ஒரு நாற்காலிக்கா இவ்வளவு சண்டை என்று அம்மா மேல் கோபம். நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் நாற்காலி இருந்தது; அதன் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை. பொது இடத்தில் தன்னை உட்காரச் சொல்லி ஒரு குரல் வர, அம்மா நான் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.