அண்ணனின் முகத்தில் வந்தவன்

காவல் நிலையக் கணினியில் அந்த வீடியோ ஓடியபோது எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். போலீஸ் தொப்பி, தோளில் நட்சத்திரங்கள், முகம் மட்டும் எங்கள் கம்பெனி பஸ் ஓட்டுநர் அண்ணனுடையது. ஆராய்ச்சிக்கு வருமுன் ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். தினமும் ஸ்ரீபெரும்புதூரில் என்னை ஏற்றிக்கொண்டவர் அவர். ஓடிவரும் பெண்ணுக்காக வண்டியை நிறுத்திவிட்டு, தாமதத்துக்கு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற மனிதர். திரையில் அந்த முகம் இமைக்கவே இல்லை. என் சிரிப்பு அடங்கிவிட்டது.

இணையக் குற்றங்களைக் காவல்துறை எப்படி விசாரிக்கிறது என்பதுதான் என் ஆய்வு. அந்தப் பதிவைக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு நர்சம்மா. ‘உங்களைக் கைது செய்திருக்கிறோம், கேமராவை அணைக்கக் கூடாது’ என்று வீடியோ அழைப்பில் மிரட்டியே ஒரு மோசடிக் கும்பல் அவரை நாள்கணக்கில் வீட்டுக்குள் உட்காரவைத்து, இருந்ததையெல்லாம் கறந்துவிட்டார்கள். கணினியில் வேறொருவன்மேல் ஒட்டவைத்த அண்ணனின் முகம் அவர்களிடம் போன வழி, பஸ் நிறுத்தத்தில் குடை விரித்து சிம் கார்டு விற்றவன் எடுத்த படங்களாக இருக்க வேண்டும். “தலைய இப்டி திருப்பு, அப்டி திருப்புன்னான். கல்யாண மாப்ள மாரி நானும் நின்னுகினு இருந்தேம்மா,” என்றார் அண்ணன். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. பஸ் ஒப்பந்தக்காரர் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். ‘இவர் இல்லை’ என்று நர்சம்மா சொன்னால்தான் மறுபடி வேலை.

இன்று அண்ணன் அதே பஸ்ஸைத்தான் ஓட்டுகிறார். எந்த வெயிலிலும் மாஸ்க்கைக் கழற்றுவதில்லை. தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று பஸ்ஸில் வரும் பெண்கள் நினைக்கிறார்கள். அடையாளம் சொல்ல நர்சம்மா காவல் நிலையத்துக்கு வந்த அன்று அந்த அறையில் இருந்ததால் எனக்குக் காரணம் தெரியும்.

முகம் அதேதான் என்பதால் நர்சம்மா கண்ணை மூடிக்கொண்டு குரலைக் கேட்டார். “இன்னா பேசறதுன்னு தெர்லம்மா. நான் பஸ் ஓட்றவன்,” என்றார் அண்ணன்.

“குரல் இவரோடது இல்ல,” என்று நர்சம்மா சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். “நின்னுகினே கீறீங்களே, உக்காருங்கம்மா.”

நர்சம்மா சட்டென்று உட்கார்ந்தார். நாற்காலி நுனியில், முதுகை நிமிர்த்தி. கைப்பையிலிருந்து போனை எடுத்து, கேமராவைப் போட்டு, அது தன்னைப் பார்க்கும்படி மேசைமேல் சாய்த்துவைத்தார். அழைப்பு எதுவும் இல்லை. அந்தப் போலி போலீஸ்காரன் கடைசியாகப் பேசி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. இன்ஸ்பெக்டர் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

“சார், இனிமே இத ஆஃப் பண்ணிக்கலாமா?” என்று அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் எங்களைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். “பண்ணிக்கங்கம்மா,” என்று அவர் சொன்ன பிறகுதான் நர்சம்மாவின் கை போனிடம் போனது.